ஆயுத பூசை நாளில் ஏற்றிய குதிரைகள்

குதிரை ஏற்றிய லொறிக்குப் பக்கத்தில் நின்று ஹோர்ன் அடிக்கிறவனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. இப்போது நான் ஓட்டுவது பாண் லொறி. மெல்பேர்ணின் மேற்குப் புறத்துக் கடைகளுக்குப் பேக்கரியில் சுட்ட பாண் இறக்குகிறேன். பாண் பயப்படாது, உதைக்காது, அதற்குக் காலும் இல்லை. ஆனாலும் பின்னால் வருகிறவன் தேவையில்லாமல் ஹோர்னை அழுத்தினால் என் வாயில் தூஷணம்தான் வரும். பக்கத்தில் மனைவி இருந்தால், "ஐயோ, கண்ணாடியை இறக்கிப்போட்டுக் கத்தாதேங்கோ, எங்கட சனமும் போகும்" என்பாள். போகட்டும், கேட்கட்டும் என்பேன்.

அதற்கு முன்னால் குதிரை லொறி ஓட்டினேன். நான் படகில் வந்தவன். விசா என்று ஒன்று கையில் இருக்கிறது. முடிகிறபோது புதுப்பித்துத் தருவார்கள், தராமலும் விடலாம். அந்தக் கடதாசியைப் பார்த்ததும் பல இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்த பிறகும் வேலை தந்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். நகரத்தில் கணினி வேலை, அதோடு சேர்த்து லொறி வியாபாரம். ட்ருகனினா என்ற புறநகரில், கிடங்குகளுக்கும் புது வீடுகளுக்கும் நடுவே லொறிகள் நிறுத்த அவருக்கு ஒரு யார்ட் இருந்தது. முதல் நாளே, "தம்பி, விசாவை கவர்மெண்ட்காரங்க பாத்துக்குவாங்க, நீ வண்டியைப் பாத்துக்க" என்று சாவியைத் தந்தார். அந்த நன்றி எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

எல்லா வகைக் குதிரையும் ஏற்றினேன். ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள், வண்டிப் பந்தயத்தில் ஓடிக் கழுத்தில் வெள்ளைக் குறி தாங்கியவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வேண்டாமற்போன மட்டக் குதிரைகள். ஒன்றிரண்டு புது வீடுகளுக்குப் போகும். மிச்சமெல்லாம் ஏலச் சந்தையிலிருந்து நேரே வடக்கே, மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கிற வெட்டுமிடத்துக்கு. அங்கே அவை நாய்க்கும் பூனைக்கும் இறைச்சியாகும். வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் நான் முட்டைகூடத் தொடமாட்டேன். "இதென்னப்பா உங்கட வேலை" என்று மனைவி கேட்பாள். வீட்டுக்காரன் வாடகை வாங்கும்போது அதைக் கேட்பதில்லை என்று சொல்லி அவளுடைய வாயை அடைப்பேன்.

வேலைக்குச் சேர்ந்ததும் என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். உயிருள்ள விலங்கை ஏற்றுகிறவனுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற விதிகளைப் பற்றிய வகுப்பு. நாலு காலையும் ஊன்றி நிற்க முடியாததை ஏற்றக் கூடாது. இரண்டு கண்ணும் தெரியாததை ஏற்றக் கூடாது. எலும்பும் தோலுமாய் இருப்பதை, குட்டி போடுகிற நிலையில் இருப்பதை ஏற்றக் கூடாது. தண்ணீர் இல்லாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. வழியில் ஒன்றுக்குப் பலத்த காயம் பட்டால் அதை மேலே கொண்டுபோகக் கூடாது. மருத்துவரைக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வேதனையை நீட்டாமல் அங்கேயே கொல்ல ஆளைக் கூப்பிட வேண்டும். ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டால் பொறுப்பு ஓட்டுகிறவனுடையது. இதைக் கேட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். படிப்பித்த வெள்ளைக்காரர் என்ன பகிடி என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல?

ஊரில் நடந்த சண்டையின் கடைசிக் காலத்தில் ஷெல் துண்டு பட்டு என் வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் என்னைப் போட்டுக்கொண்டு போனார்கள். எனக்குக் கீழே ஒருவர், மேலே ஒருவர். குன்றும் குழியுமான றோட்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் உடைந்த எலும்பின் இரண்டு முனைகளும் உரசுவது எனக்குக் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்கிறேன். நான் போட்ட சத்தம் தாங்காமல் யாரோ என் வாயில் சாரத்துணியைத் திணித்தார்கள். எங்களை ஏற்றியபோது எவரும் காலைப் பார்க்கவில்லை; பார்க்க நேரமும் இல்லை. குதிரைக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பொறாமை வந்தது. சிரித்தது அதனால்தான். ஆனால் அன்றைக்கே அந்தச் சட்டம் எனக்குப் பிடித்துவிட்டது. இந்த நாட்டில் நான் விரும்பிய ஒரே சட்டம் அது.

அந்த வருடம் முதலாளி புதிதாக ஒரு லொறி வாங்கினார். வெள்ளை நிறம், மினுமினு என்று இருக்கும். ஆயுத பூசையன்று அதற்குப் பூசை என்று ஏற்பாடு. வெறும் லொறிக்குத்தான் பூசை, அதன் பிறகுதான் முதல் லோட் என்று திட்டம். ஆனால் பழைய லொறி பக்கத்துத் தெருக் கராஜில் சேர்விசுக்கு நின்றது. ஏலச் சந்தையிலோ குதிரைகளைக் காலையிலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் புதியதைக் கொண்டுபோய் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் போன் எடுத்தேன்.

"அண்ணை, ஏத்திப்போட்டன். இப்பிடியே நேர வடக்க போட்டு வாறன். பூசையைப் பின்னேரம் வைப்பம்."

"பின்னேரமா? ஐயர் வந்து உக்காந்திருக்காருப்பா. நல்ல நேரம் முடிஞ்சா அப்புறம் ராகு காலம். பூஜை போடாத வண்டில முதல் லோடு போகவே கூடாது. அதுவும் இந்த லோடு. யார்டுக்கு வந்துட்டுப் போ, பத்தே நிமிஷம்."

போனேன். யார்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முதலாளியின் மனைவி, அவர்களுடைய சிநேகிதர்கள், பட்டுச் சேலைகள், ஒரு பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். குளிர் காற்று அடித்தது. ஐயர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். லொறியின் முகத்துக்கு மாலை, சந்தனம், குங்குமம். முன் ரயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். உள்ளே குதிரைகள் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, பட்டி இருக்குதானே, பத்து நிமிசத்துக்கு அதில இறக்கிவிடுவம்" என்றேன். யார்டின் மூலையில் இரும்புச் சட்டங்களால் அடைத்த பட்டி ஒன்று உண்டு, தண்ணீர்த் தொட்டியோடு.

"இறக்கி ஏத்த ஒரு மணி நேரம் பண்ணுவ. நேரம் போயிடும்."

"அப்ப சத்தம் ஒண்டும் வேண்டாம். மணியையும் மெல்ல அடிக்கச் சொல்லுங்கோ. உள்ளுக்க நிக்கிறது உயிர். பயந்துபோய் நிக்குதுகள்."

"யோவ், எங்க ஊருல கோயில் வாசல்ல யானை நிக்குது, குதிரை வாகனத்துக்கு முன்னாடி நிஜக் குதிரையே போகுது, மேளம் வெடி எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு. சாமி காரியம்ப்பா. ஒண்ணும் ஆகாது."

அவருடைய சிநேகிதர்கள் தலையாட்டினார்கள். கோயில் யானை குட்டியிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்தது. இவை அன்று காலைவரை வெவ்வேறு பண்ணையில் நின்றவை. ஒன்றையொன்று தெரியாது, லொறியைத் தெரியாது, எங்களைத் தெரியாது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு தம்பி, கடைசில வண்டியை எடுக்கறப்ப கூப்பிடுறேன்" என்று தோளில் தட்டினார். நான் பின்கதவுப் பக்கம் போய் நின்றேன்.

ஐயர் மணியை மெல்லத்தான் அடித்தார். கற்பூரம் காட்டினார். முதலாளி தேங்காயை உடைத்தார், உள்ளே தடதடவென்று ஒரு அசைவு. குங்குமம் கரைத்து ஊற்றிய பூசணிக்காயை மூன்று முறை சுற்றி, தலைக்கு மேலே தூக்கிக் கொங்கிரீட்டில் ஓங்கி அடித்தார். ஒரு குதிரை கனைத்தது. இன்னொன்று பதில் கொடுத்தது. இத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். என்னைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அவரே ஓட்டுகிற சீட்டில் ஏறினார். எலுமிச்சம்பழத்தை முதலாளிதான் நசுக்க வேண்டுமாம். எஞ்சினைக் கிளப்பினார். பிறகு, ஊரில் லாரிக்காரர்கள் செய்வதுபோல, காற்று ஹோர்னைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

பெட்டி வெடித்தது என்றுதான் நினைத்தேன். பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் ஒரே நேரத்தில் பின்னங்காலால் தகரத்தை உதைத்தன. லொறியே பக்கவாட்டில் ஆடியது. சத்தத்தில் பதறிப்போய் முதலாளி காலை எங்கே வைத்தாரோ, லொறி முன்னால் பாய்ந்தது. பிறகு பிரேக்கை மிதித்தார். உள்ளே நின்ற அத்தனை பாரமும் ஒன்றாக முன்னால் போய் விழுந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் எனக்கு அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. பச்சை விறகை முழங்காலில் வைத்து முறித்தால் வருகிற சத்தம். அதன் பிறகு ஒரு அலறல். குதிரை அப்படி அலறும் என்று நான் அதுவரை அறியவில்லை.

பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தேன். போன் சட்டைப் பையிலிருந்து விழுந்தது. அடுத்த கணமே ஒரு குளம்பு அதை நொறுக்கியது. நடுத் தடுப்புக் கதவு வளைந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு கறுப்புப் பெண் குதிரையின் பின்னங்கால் மாட்டியிருந்தது. அது இழுத்தது. இழுக்க இழுக்க, முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று. பக்கத்துக் குதிரைகள் அதன்மேல் ஏறி மிதித்தன. என் தோளில் ஒன்று கடித்தது, விலாவில் ஒரு உதை விழுந்தது, மூச்சு நின்றுவிட்டது. இரும்புச் சட்டத்தை முதுகால் நெம்பித் தூக்கினேன். கால் வெளியே வந்தது. மூன்று காலில் அது எழுந்து நின்றது. நாலாவது கால், கயிற்றில் கட்டிய தேங்காய்போல, தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

தடுப்பை யாராவது பிடித்தால்தான் மற்றக் குதிரைகளை விலக்கி வைக்கலாம். "ஆராவது வாங்கோ!" என்று கத்தினேன். வந்தவர் ஐயர். சால்வை எங்கேயோ போய்விட்டது. வெறும் மேலோடு ரயரில் ஏறி, சின்னக் கதவு வழியாக இரண்டு கையையும் விட்டுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிக்கிறன், நீர் வெளியால வாரும்" என்றார். அவருடைய கையெல்லாம் இரத்தம். இறங்கிப் பார்த்தேன். பின்கதவின் கீழ் இடுக்கால் ஒழுகிய இரத்தம் கொங்கிரீட்டில் ஓடிக் குங்குமத் தண்ணீரோடு கலந்துகொண்டிருந்தது. பட்டுச் சேலைகள் கார்களுக்கு ஓடின. சுண்டல் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது.

இதற்குமேல் முதலாளியை அவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

"கதவை மூடு. கிளம்பு" என்றான்.

"எங்க?"

"எங்கன்னா? வடக்கதான். அங்க போய் சாகப்போறதுதானே அது? இங்க செத்தா என்ன, அங்க செத்தா என்ன? மூணு மணி நேரம்ப்பா. அங்க போனதும் முதல்ல அதை இறக்கச் சொல்லு."

"கால் முறிஞ்சு தொங்குது. ஏலாது. இதைக் கொண்டுபோகக் கூடாது எண்டு சட்டம். டொக்டரைக் கூப்பிடுங்கோ."

"சட்டமா! கவர்மெண்ட் ஆளைக் கூப்பிட்டா முதல்ல யாரைக் கேப்பான்? டிரைவரை. யார் ஏத்துனது? நீ. ஹார்னை நான் அடிச்சேன்னு யார் சொல்லுவா? எங்காளுங்க சொல்லுவாங்களா? உன்மேல ஒரு கேஸ் விழுந்துச்சுன்னா உன் விசா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. பொண்டாட்டி, பொண்ணு எல்லாம் இருக்கில்ல?"

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த விசாவில் இருக்கிறவன் சிவப்பு விளக்கைத் தாண்டவே நடுங்குவான். என் மகள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறவள். அவளை எங்கே கொண்டுபோய் என்ன செய்வேன்? லொறிக்குள் அந்தக் குதிரை மறுபடி அலறியது. மூன்று மணி நேரம். அந்தத் தெருவிலிருந்து பெருந்தெருவுக்குப் போவதற்குள்ளேயே எத்தனை வேகத்தடை, எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். என் கால் உளைந்தது. பழைய கால்தான், ஆனால் அன்று உளைந்தது.

"நான் ஓட்ட மாட்டன்" என்றேன்.

"நீ ஓட்ட வேணாம்டா" என்று அவனே கியரில் கை வைத்தான்.

படியில் ஏறினேன். மார்பில் உதைத்தான். அந்தக் காலையே பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கொங்கிரீட்டில் விழுந்தோம். பூசணித் துண்டுகளுக்குள் உருண்டோம். அவன் என் கண்ணில் குத்தினான். நான் அவனுடைய வாயில் குத்தினேன். பல் என் கையில் ஏறியது. நல்லாக் கொடுத்தேன், அதை மறைக்கவில்லை. எழும்பி எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி என் காற்சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் ஓய்ந்தேன். "நன்றி கெட்ட நாயே, படகுல வந்த நாயே" என்றான். உதட்டிலிருந்து இரத்தம் வழிய வழிய அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

போன் நொறுங்கிவிட்டது. லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐயர் தடுப்பை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"என்ர போன் வேட்டி மடிப்புக்குள்ள இருக்குது, எடும்" என்றார். "யோசியாதையும். ஆர் ஹோர்ன் அடிச்சதெண்டு என்னைக் கேட்டால் நான் சொல்லுவன்."

எடுத்தேன். வகுப்பில் தந்த அரசாங்க நம்பர் எனக்கு மனப்பாடம், அதை அழைத்தேன். என் பேரைச் சொன்னேன், லைசென்ஸ் நம்பரைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன். இனி வருவது வரட்டும் என்று லொறிக்குள் ஏறி அந்தக் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அதன் உடம்பெல்லாம் நுரையாக வேர்த்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. என் நெற்றியோடு நெற்றியை வைத்து அழுத்தியது, அழுத்திய அழுத்தில் என் தலை தகரத்தில் மோதியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் செம்மண் நிறக் குதிரை ஒன்று கழுத்தை நீட்டி இதன் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது. அவை இரண்டும் ஒரே பண்ணையிலிருந்து வந்தவைபோல. எனக்குத் தெரியாது.

வந்தது அரசாங்க அதிகாரி, ஒரு பெண்மணி. நரைத்த தலைமுடி, சேறு பிடித்த சப்பாத்து. துப்பாக்கியோடு வந்தார். காலை ஒரே ஒரு முறை பார்த்தார். முதலில் மற்றவற்றை இறக்கிப் பட்டிக்குள் விடச் சொன்னார். விட்டோம். செம்மண் குதிரையை மட்டும் இரண்டு பேர் இழுத்துத்தான் கொண்டுபோனோம். பிறகு, "தலையைப் பிடித்துக்கொள்ள உன்னால் முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். துப்பாக்கியைக் கண்ணுக்கு மேலே நெற்றியில் வைத்தார். சுடுகிற கணத்தில் குதிரை தலையை உதறியது. குண்டு கீழே இறங்கித் தாடையைப் பிய்த்தது. இரத்தம் என் வாய்க்குள் போனது. குதிரை மூன்று காலில் எழும்பி என்மேல் விழுந்தது. அவர் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி, அசையாமல், இரண்டாவது முறை சுட்டார். கால்கள் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தன. உடைந்த காலும் சேர்ந்து ஓடியது.

"மன்னித்துக்கொள்" என்றார். என்னிடமா குதிரையிடமா என்று நான் கேட்கவில்லை.

லைசென்சை வாங்கிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஐயரும் சொன்னார், சுற்றி வளைக்காமல், முதலாளியின் முகத்துக்கு நேரே. விசாவைப் பற்றிக் கேட்பார், கேட்பார் என்று காத்து நின்றேன். கேட்கவேயில்லை. அது அவருடைய வேலையில்லையாம். ஹோர்ன் அடித்தவனிடம் நீண்ட நேரம் கதைத்தார். அவன் தலையைக் குனிந்தபடி "யெஸ் மேடம்" என்றுகொண்டிருந்தான். பிறகு என் தோளில் கை வைத்து, "நீ சரியானதைச் செய்தாய். எல்லோரும் இப்படி அழைப்பதில்லை" என்றார். எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் ஆள் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்கிறார்.

அதன் பிறகு பட்டிக்குள் போனார். ஒவ்வொரு குதிரையாக நடக்கவிட்டுப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், காலைத் தடவினார், குளம்பைத் தூக்கினார். ஒன்றுக்குப் புருவத்தில் கீறல், பரவாயில்லை என்றார். செம்மண் குதிரையை இரண்டு தரம் நடத்தினார். நாலு காலும் நன்றாக ஊன்றியது. புதிய லொறியை அசைக்கக் கூடாது, வேறு லொறி வேண்டும் என்றார். பழையது சேர்விஸ் முடிந்து வந்தது.

"இவை பயணத்துக்குத் தகுதியானவை. நீ கொண்டுபோகலாம்" என்றார்.

"எங்க?" என்று நானும் மடையன்மாதிரிக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் முகம் ஒருமாதிரிப் போனது. "எங்கே போகவிருந்தனவோ அங்கேதான்" என்றார். நொண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்குத்தான் சட்டம். நொண்டாததைக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. நான் ஓட்டாவிட்டால் அவன் ஓட்டுவான், அல்லது அவன் இன்னொருவனைப் பிடிப்பான். நான் யார்டுக் குழாயில் முகத்தையும் கையையும் கழுவினேன். ஐயர் காரிலிருந்து ஒரு பழைய வேட்டியைத் தந்தார், துடைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு மெல்ல நான் லொறி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தேன். ஒரு வேகத்தடையைக்கூட அவை உணர்ந்திருக்காது. ஒன்றுகூட உதைக்கவில்லை, ஒன்றுகூடக் கனைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வெட்டுமிடத்தில் ஒரு இளைஞன் கதவைத் திறந்தான். இறங்குபலகை வழியாக ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக அந்தச் செம்மண் குதிரை. பலகையின் தலைப்பில் நின்று மூக்கை விரித்து மணந்து பார்த்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. அசையவில்லை. இளைஞன் தடியில் பொலித்தீன் பை கட்டிய கொடியை எடுத்துக்கொண்டு வந்தான், வெருட்டுவதற்கு.

"வேண்டாம், விடு" என்றேன். பலகையில் ஏறி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "வாடா ராசா. வா, ஒண்டுமில்லை, வா." நான் நடந்தேன். சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது. என் முதுகில் அதன் மூச்சு சூடாகப் பட்டது. இளைஞன் ஒதுங்கி நின்று, "அருமையான குதிரை. நடையைப் பார், ஒரு குறையும் இல்லை" என்றான்.

பலகையிலிருந்து உள்ளே போகிற, இருபுறமும் இரும்பு அடைத்த ஒழுங்கையின் முடிவில் மனிதர்கள் விலகுவதற்கென்று ஒரு இடைவெளி உண்டு. குதிரையால் அதில் நுழைய முடியாது. நான் அதற்குள் விலகினேன். அது என்னைத் தேடிக்கொண்டு நின்றது. நான்தான் அதன் பின்னால் கதவைச் சாத்தினேன்.